பழைய கொமடோரை மின்சாரத்தில் போடுவதற்கு முன்

வீட்டில் பழைய கொம்பியூட்டர் ஏதாவது கட்டிவைத்திருந்தால், இதை வாசித்து முடிக்கும் வரைக்கும் அதை மின்சாரத்தில் போடாதீர்கள். இந்த ஒரு வரியை 2023 பெப்ரவரியில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நானூறு டொலருக்கு மேல் மிஞ்சியிருக்கும். காசு போனால் போகட்டும். அண்ணாவின் டிஸ்க் ஒன்று தப்பியிருக்கும். அது போனதைத்தான் இன்றைக்கும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அம்மா ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருந்த வீட்டை விட்டு எங்களுடன் வந்திருக்க ஒருவழியாகச் சம்மதித்தார். பேஸ்மண்டைத் துப்புரவாக்கும் வேலை எனக்கு வந்தது. பழைய குளிர் ஜக்கெட்டுகள் அடைத்த பெட்டிகளுக்குக் கீழே, சுவரோரமாக ஒரு மட்டைப்பெட்டி ஈரத்தில் ஊறி உப்பிப்போய் இருந்தது. திறந்தால் மண்ணிறக் கொமடோர் 64 கொம்பியூட்டர். அதனுடன் செங்கல் மாதிரிக் கனத்த கறுப்பு பவர் சப்ளை, 1541 டிஸ்க் டிரைவ், மூடி உடைந்த பெட்டி நிறைய ஐந்தேகால் அங்குல ஃப்ளொப்பி டிஸ்க்குகள், கட்டம் போட்ட கணக்குக் கொப்பி ஒன்று. ஒரு டிஸ்க்கின் லேபலில் நீலப் பேனாவால் அண்ணா எழுதியிருந்தார்: “பிரிட்டானியா. தம்பி தொடக்கூடாது.” அந்த எழுத்தைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆகஸ்டில் அண்ணாவுக்கு ஐம்பது வயது. இதைத் திரும்ப ஓடவைத்து, நாங்கள் விட்ட இடத்திலிருந்தே விளையாட்டைத் திறந்து அவர் முன்னால் வைக்கவேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. மனைவிக்குக்கூட முதல் இரண்டு மாதம் சொல்லவில்லை.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும். நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்தது 1987இல். அண்ணாவுக்குப் பதினான்கு, எனக்குப் பத்து. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. அடுத்த வருடம் அவருடன் வேலை செய்த ஒருவர் வீடு மாறும்போது கொமடோரையும் டிரைவையும் இருந்த டிஸ்க்குகளையும் சேர்த்து 200 டொலருக்குக் கொடுத்தார். 1982இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது கொம்பியூட்டர் மட்டுமே 595 டொலர். என்றாலும் எங்கள் வீட்டில் 200 டொலர் பெரிய காசு. பிள்ளைகள் கணக்குப் படிப்பார்கள் என்று அப்பா நம்பினார். அந்தப் பெட்டிக்குள் அல்டிமா நான்கு என்ற விளையாட்டு இருந்தது, துணியில் அச்சடித்த வரைபடம், இரண்டு சிறு புத்தகங்கள், உலோகத்தில் செய்த ஓர் அங்க் (தலையில் வளையம் வைத்த சிலுவை மாதிரியான எகிப்தியச் சின்னம்) எல்லாம் சேர்த்து. அம்மா அந்த அங்கைச் சிலுவை என்று நினைத்து, எடுத்து எறியவும் மனமில்லாமல் தையல் பெட்டிக்குள் பத்திரப்படுத்தினார்.

அல்டிமா நான்கு 1985இல் வந்தது. எழுதியவர் ரிச்சர்ட் கேரியட். கதை நடக்கும் உலகத்தின் பெயர்தான் பிரிட்டானியா. அந்தக் காலத்துப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றில் முடிவில் ஓர் அரக்கனோ மந்திரவாதியோ இருப்பான், அவனைக் கொன்றால் வெற்றி. இதில் அப்படி ஒருவனும் இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்று எட்டுக் குணங்கள். எட்டிலும் தேறினால் நீங்கள் ‘அவதார்’ ஆகிறீர்கள். ஆம், எங்களுடைய அவதாரம்தான். திரையில் அந்தச் சொல்லைக் கண்டபோது அண்ணா என்னை உலுப்பி எழுப்பி வாசித்துக் காட்டியது நினைவிருக்கிறது. எங்களுக்குப் புரிந்த முதல் ‘இங்கிலிஷ்’ சொல் அதுதான். ஆன்மிகத்துக்கான ஆலயத்தில் உட்கார்ந்து தியானம் செய்ய ஒரு மந்திரம் தட்டவேண்டும். மற்ற மந்திரங்களை ஊர் ஊராக அலைந்து கேட்டு அறிந்த அண்ணா, இதற்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை. அடுத்த அறையில் அம்மா விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். அண்ணா ‘ஓம்’ என்று தட்டினார். சரியாக இருந்தது.

அந்த விளையாட்டில் வழியில் சந்திப்பவர்களுடன் பேசலாம். ஒரு சொல் தட்டினால் பதில் வரும். நேம், ஜாப், ஹெல்த்: இந்த மூன்றையும் யாரிடமும் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத நான், திரையில் நூறு பேரிடம் பெயர் என்ன, வேலை என்ன, சுகமா என்று கேட்டேன். அவர்கள் சொன்ன பதிலில் தெரியாத சொல் இருந்தால் அண்ணா அகராதி பார்த்துக் கொப்பியில் எழுதினார். கொப்பியின் ஒரு பக்கம் வரைபடம், மறுபக்கம் சொற்கள். மூலிகை விற்கும் குருட்டுப் பெண் ஒருத்தி உண்டு. மந்திரத்துக்கு உள்ளியும் ஜின்செங்கும் வாங்கினால், விலை சொல்லிவிட்டு நீ எவ்வளவு தருகிறாய் என்று கேட்பாள். எவ்வளவு குறைத்துத் தட்டினாலும் வாங்கிக்கொள்வாள், அவளுக்குத் தெரியாது. நான் ஒரு பொற்காசு கொடுத்து உள்ளி வாங்கிப் பெரிய ஆள் என்று நினைத்தேன். வாரக்கணக்கில் நேர்மை ஏறவே இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்தபோது அண்ணாவுக்கு வந்த கோபத்தில்தான் லேபலில் அந்த வரி ஏறியது. விளையாடிய நிலை பிரிட்டானியா டிஸ்க்கிலேயே எழுதப்படும் என்பதால் அவர் அதற்கென்று ஒரு நகல் எடுத்து, அதில்தான் மூன்று வருடம் விளையாடினோம். 1991இல் அவர் பல்கலைக்கழகம் போனபோது எட்டில் ஆறு குணம் தேறியிருந்தது. மானமும் பணிவும் பாக்கி.

சரி, 2023க்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை இரவு எல்லோரும் படுத்த பிறகு, வீதியோரம் யாரோ வைத்துவிட்டுப்போன பழைய குழாய் ரீவியில் கொமடோரைப் பொருத்தி, அந்தக் கறுப்புச் செங்கலையே செருகி, சுவிட்சைத் தட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. நீலத்திரை வந்தது. 38911 பைட் மீதி என்ற அந்த வரியும் கீழே மின்னும் சதுரமும் முப்பது வருடம் கழித்து அப்படியே வந்தன. கண் கலங்கிவிட்டது. பேசிக் என்ற நிரல் மொழியில் சின்னச்சின்ன வரிகளைத் தட்டிக்கொண்டு இருபது நிமிடம் இருந்திருப்பேன். அப்புறம் எழுத்துகளுக்கு நடுவே சம்பந்தமில்லாத குறிகள் முளைத்தன. திரை உறைந்தது. அணைத்துப் போட்டேன், கறுப்புத் திரை. செங்கலைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

நடந்தது இதுதான். அந்த பவர் சப்ளை இரண்டு மின்சாரம் கொடுக்கிறது: 5 வோல்ட் நேர்மின்சாரம் (டிசி) ஒன்று, 9 வோல்ட் ஆடலோட்டம் (ஏசி) ஒன்று. 5 வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பாகத்தைச் சுற்றிப் பிசின் ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். உள்ளே உண்டாகும் சூட்டுக்கு வெளியேற வழியில்லை. வருடக்கணக்கில் வெந்து அந்தப் பாகம் பழுதானால் மின்சாரம் நின்றுபோவதில்லை. 5 வோல்ட் ஏறத் தொடங்குகிறது. கொமடோருக்குள் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை, நேரே சில்லுகளுக்கு (சிப்) போகிறது. முதலில் சாவது பெரும்பாலும் நினைவகச் சில்லுகள். இது கொமடோர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கு ஒருவரையும் தெரியாது, அதனால் தெரியவில்லை.

ஆகவே பழைய செங்கலை வைத்து ஒருபோதும் கொமடோரைப் போடாதீர்கள். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று எனக்கு முப்பது டொலர். பிளக்கில் ஏழு பின் இருக்கும். ஐந்தாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே 5 வோல்ட், ஆறாவதற்கும் ஏழாவதற்கும் நடுவே ஏறத்தாழ 9 வோல்ட் ஆடலோட்டம் காட்டவேண்டும். பின்களின் எண்கள் வரிசைப்படி இருக்காது, படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் தொடவேண்டும். 5.25க்கு மேல் காட்டினால் அந்தச் செங்கல் குப்பைக்கு. ஆனால் 5.0 என்று அழகாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, இருபது நிமிடம் சூடேறிய பிறகு ஏறும். எனக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கவேண்டும். கொமடோருக்கென்றே இன்று புதிதாகச் செய்து விற்கும் பவர் சப்ளைகள் உண்டு. நான் பிறகு 75 டொலருக்கு வாங்கினேன். இந்த ஒன்றில் மட்டும் கை இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

அடுத்த பிழை, அவசரம். ஆகஸ்ட் வருகிறதே என்று, இணையத்தில் முதலில் கண்ட திருத்துநருக்குக் கொமடோரை அனுப்பினேன். கூலி 140, போக வரத் தபால் 45. ஆறு கிழமை போனது. திரும்பி வந்தபோதும் கறுப்புத் திரைதான், “சர்க்கிட் பலகை போய்விட்டது” என்ற ஒரு வரியுடன். மனசு கேட்காமல் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒலிக்கான சில்லு, சிட் என்று சொல்வார்களே, அதன் மேலிருந்த எழுத்து நான் அனுப்பும்போது கண்ட மாதிரி இல்லை என்று தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்லமுடியும், என்னிடம் படம் இல்லை. அந்தச் சில்லு இப்போது எங்கும் தயாராவதில்லை. நல்லதொன்றுக்குக் கேட்ட விலை கிடைக்கிறது, போலியும் நிறைய. யாரையும் குற்றம் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். நீங்கள் அனுப்பினால், மூடியைத் திறந்து ஒவ்வொரு சில்லின் மேலுள்ள எண்ணும் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் படம் எடுத்து, அந்தப் படத்தைத் திருத்துநருக்கும் முதலிலேயே அனுப்பிவிடுங்கள். படம் இருக்கிறது என்று தெரிந்தாலே போதும்.

மே மாதம் ஆகிவிட்டது. இன்னொரு கொமடோர் வாங்கினேன், 220 டொலர், தபாலுக்கு 40. நேற்றுவரை ஓடியது என்று எழுதியிருந்தார்கள். பத்திரிகைத் தாளில் சுற்றி வந்து ஒரு மூலை உடைந்திருந்தது, ஆனாலும் புதிய பவர் சப்ளையில் ஓடியது. வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்று போட்டிருந்தால், சோதித்துப் பார்த்தார்கள், ஓடவில்லை என்றே எடுத்துக்கொண்டு அதற்கேற்ற விலை கேளுங்கள். ‘ஓடுகிறது’ என்றால் திரையில் ஒரு விளையாட்டு ஓடும் படம் கேளுங்கள். வெறும் நீலத்திரை போதாது.

இனிச் சொல்லப்போவதை எழுத இன்னமும் கஷ்டமாக இருக்கிறது. 1541 டிரைவை எங்கள் பெட்டியில் இருந்த ஏதோ ஒரு பந்தய விளையாட்டின் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். பழைய மாதிரியே ஆமை வேகம். ஆனால் ஏறியது. அந்தச் சந்தோஷத்தில் யோசிக்கவே இல்லை. அல்டிமாவின் முதல் டிஸ்க்கைப் போட்டேன், அது கேட்டதும் அண்ணாவின் பிரிட்டானியாவைச் செருகினேன். டிரைவுக்குள் சிரட்டையை மணலில் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம். சிவப்பு விளக்கு மின்னியது. நான் உடனே வெளியே எடுக்கவில்லை. இன்னொரு தடவை முயலும், இன்னொரு தடவை முயலும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். வெளியே எடுத்து அந்த நீள ஜன்னலை விளக்கில் பிடித்தேன். மண்ணிறப் பரப்பில் ஒரு வளையம், கண்ணாடி போல. அந்த வளையத்தின் ஊடாக வெளிச்சம் தெரிந்தது. காந்தப்பூச்சு முழுக்கச் சுரண்டுப்பட்டிருந்தது.

பூஞ்சணம். ஈரமான பேஸ்மண்டில் முப்பது வருடம் கிடந்த டிஸ்க்குகளில் அது பிடிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உறைக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. டிரைவின் தலை அதன்மேல் அழுந்தி ஓடும்போது பூஞ்சணமும் பூச்சும் சேர்ந்து உரிந்து தலையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்துப் போடும் டிஸ்க்கை அந்த அழுக்கு வெட்டும். எனக்கு அதுவும் தெரியாமல், டிரைவ்தான் பிழையோ என்று இன்னும் இரண்டு டிஸ்க்குகளைப் போட்டு அவற்றையும் கெடுத்தேன். மூன்றாவதற்குப் பிறகுதான் கை நின்றது. அன்றிரவு நித்திரை வரவில்லை. சின்ன வயதில் தொடாதே என்று எழுதிவைத்தார், நாற்பத்தாறு வயதில் தொட்டு அழித்தேன் என்ற எண்ணமே திரும்பத் திரும்ப வந்தது.

எந்தப் பழைய டிஸ்க்கானாலும், போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நடுத்துளையில் விரல் விட்டு உறைக்குள்ளேயே மெதுவாகச் சுற்றி, ஜன்னல் வழியாக முழு வட்டத்தையும் இரண்டு பக்கமும் பாருங்கள். நல்ல டிஸ்க் ஒரே சீராக மினுங்கும். வெள்ளைப் புள்ளியோ, மூடுபனி மாதிரி மங்கலோ, வளையமோ தெரிந்தால் டிரைவுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். சுற்றவே மறுத்தாலும் அப்படித்தான். அப்படிப்பட்ட டிஸ்க்கையும் காப்பாற்றலாம். உறையின் மேல் விளிம்பை வெட்டி, கையுறை போட்டு உள்ளேயிருக்கும் வட்டத்தை வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, நூல் உதிராத துணியால் மெல்லத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வேறு நல்ல உறைக்குள் வைக்கவேண்டும். வேண்டாத டிஸ்க் ஒன்றில் பழகிவிட்டுத்தான் வேண்டியதைத் தொடவேண்டும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பிறகு டிரைவின் தலையை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைக்கவேண்டும். பஞ்சு மண்ணிறமானால் நிறுத்துங்கள், அது உங்கள் டிஸ்க்கின் பூச்சு.

அதைவிடப் பெரிய விஷயம், வரிசை. பழைய டிஸ்க்கை விளையாடுவதற்காகப் போடக்கூடாது, நகல் எடுப்பதற்காகத்தான் போடவேண்டும். சூம்ஃப்ளொப்பி என்று ஒரு சின்னப் பலகை வருகிறது, எனக்கு 70 டொலர். அதில் 1541ஐ இன்றைய கொம்பியூட்டரின் யூஎஸ்பியுடன் இணைத்தால் டிஸ்க் முழுவதும் ஒரு கோப்பாக வந்துவிடும். ஒரு பக்கம் 170 கிலோபைட், கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூட ஈடாகாது. எழுதுவதைத் தடுக்கும் விளிம்பு வெட்டை ஒட்டுநாடாவால் மூடிவிட்டு எடுங்கள். முக்கியமில்லாத டிஸ்க்குகளில் தொடங்கி, மனசுக்கு நெருங்கியதைக் கடைசியாக எடுங்கள். நான் நேரெதிராகச் செய்தேன்.

இவ்வளவும் எனக்குச் சொல்லித்தந்தவர்கள் ஜூன் மாதம்தான் கிடைத்தார்கள். ரொறன்ரோ பெற் பயனர் குழு என்று ஒன்று 1970களின் இறுதியிலிருந்து இங்கே இயங்குகிறது. பெற் என்பது கொமடோர் 64க்கு முன் அதே நிறுவனம் செய்த கொம்பியூட்டர். டிசம்பரில் வருடாந்தரக் கூட்டமும் வைக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து காரில் போகும் தூரம். எழுபது தாண்டிய ஒருவர் என் டிஸ்க்கை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். ஏன் முதலிலேயே வரவில்லை என்று அவர் கேட்காதது எனக்குப் பெரிய ஆறுதல். செத்துப்போனது என்று திருத்துநர் அனுப்பிய எங்கள் கொமடோரில் அவர் ஒரு சோதனைக் காட்ரிட்ஜைச் செருகினார். திரை மின்னிய தடவையை எண்ணினார். எட்டு நினைவகச் சில்லுகளில் இரண்டு போயிருந்தன. மாற்றினார், சில்லுக் காசு மட்டும் வாங்கினார். நீலத்திரை திரும்ப வந்தது. 185 டொலர் கொடுத்து ஆறு கிழமை காத்திருந்தது நினைவுக்கு வந்து ஒன்றும் பேசமுடியாமல் நின்றேன்.

கொமடோர் நிறுவனம் பிறந்ததே ரொறன்ரோவில் என்று அங்கேதான் அறிந்தேன். ஒஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர்தப்பிய போலந்து யூதர் ஜாக் டிரமியல், 1950களில் இங்கே தட்டச்சு இயந்திர வியாபாரமாகத் தொடங்கியது அது. அவர்களுடைய கட்டடம் ஸ்காபரோவில், வார்டன் வீதியில் இருந்தது. அப்பா பஸ் பிடித்து வேலைக்குப் போன வீதி. எல்லாவற்றையும் இழந்து வந்த ஒருவர் தொடங்கியதை, எல்லாவற்றையும் விட்டு வந்த எங்கள் வீட்டில் 200 டொலருக்கு வாங்கி, அதில் நான் இங்கிலிஷ் படித்திருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டு நிச்சயம் சந்தோஷப்பட்டிருப்பார்.

கழுவித் துடைத்து 44 டிஸ்க்குகளில் 31ஐ நகல் எடுத்தோம். அப்பா சீட்டுக்கணக்குக்காக அண்ணாவிடம் சொல்லி எழுதவைத்த பேசிக் நிரல் ஒன்றும் கிடைத்தது, யார் யார் எத்தனை மாதம் கட்டினார்கள் என்ற விவரத்துடன். பிரிட்டானியாவில் பாதிக்கு மேல் வாசிக்க முடிந்தது. எங்கள் பயணக்குழுவின் விவரம் இருந்த பகுதி மட்டும் வரவில்லை.

அந்தச் சில்லுக் காசை விட்டால் மொத்தம் 645 டொலர். இதில் உண்மையிலேயே தேவைப்பட்டவை புதிய பவர் சப்ளை, மல்டிமீட்டர், அல்ககோலும் பஞ்சும், சூம்ஃப்ளொப்பி. எல்லாம் சேர்த்து 200. மிச்சம் 445 யாரையும் கேட்காததற்குப் போனது. விளையாட மட்டும் ஆசை என்றால் இதில் எதுவும் தேவையில்லை. வைஸ் என்ற இலவச மென்பொருள் உங்கள் மடிக்கணினியையே கொமடோராக மாற்றிவிடும். அல்டிமா நான்கை விளையாட்டுகள் விற்கும் ஜி.ஓ.ஜி. இணையத்தளம் காசில்லாமலே தருகிறது. பழைய இரும்பு வேண்டும், அந்த விசைப்பலகையின் கனம் விரலுக்கு வேண்டும் என்பவர்களுக்குத்தான் நான் எழுதியிருப்பது.

பிறந்தநாளுக்கு ஒரு கிழமைக்கு முன் அண்ணா வீட்டுக்குப் போய் டிஸ்க்கை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துச் சமாளிப்பார் என்று நினைத்திருந்தேன். சிரிக்கவில்லை. டிஸ்க்கை எடுத்து லேபலை விரலால் தடவிக்கொண்டு கனநேரம் இருந்தார். “பெட்டி கிடைச்சதை ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?” என்றார். பிறந்தநாள் பரிசு என்றேன். “அது என்ர டிஸ்க் எல்லோ” என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் கூடுதலாக நோகவைத்தது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்களின் பழைய பொருள் ஒன்று கையில் கிடைத்தால், முதலில் மற்றவருக்கு ஒரு படம் அனுப்புங்கள். ஒளித்துவைத்துச் சந்தோஷப்படுத்தப் போய் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது டிஸ்க்கை மட்டும் அல்ல. அந்தப் பெட்டியைத் திறக்கும் நிமிடத்தையும் நான் ஒருவனாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறந்தநாள் அன்று திருத்திய கொமடோரைக் கொடுத்தேன். நன்றி சொன்னார். ஆனால் பிள்ளைகள்தான் சுற்றி நின்று தட்டினார்கள், அவர் கிட்ட வரவில்லை. கொப்பியை மட்டும் நான் திரும்ப எடுத்துவந்தேன், பக்கங்கள் உதிர்கின்றன, ஒவ்வொன்றாகப் படம் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி.

நவம்பரில் ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்குக் கைபேசி அதிர்ந்தது. அம்மாவுக்கு ஏதோ என்று பதறி எழுந்தேன். அண்ணா.

“முழிப்போ? பணிவு ஆலயத்துக்குப் போக ஒரு கொம்பு வேணும் எல்லோ, அது எங்க இருக்கெண்டு கொப்பியில பார்.”

கீழே போய் விளக்கைப் போட்டு, கொப்பியை மேசையில் விரித்துப் பக்கம் பக்கமாகத் தேடத் தொடங்கினேன்.